விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லி நெருக்குகிறதா? பதறாமல் செய்ய வேண்டியவை

கணினியைப் போட்டதும் வழக்கமான திரைக்குப் பதிலாக முழுத்திரையில் ஒரு அறிவிப்பு வந்து நிற்கிறது. விண்டோஸ் 11 தயார், இலவசம், இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள் என்கிறது. ஒப்புக்கொள்வதற்கான பொத்தான் கண்ணில் அடிக்கிற மாதிரி பளிச்சென்று இருக்கும். 'விண்டோஸ் 10-லேயே இருக்கிறேன்' என்பது ஓரத்தில், பொத்தான் வடிவம்கூட இல்லாமல், வெறும் எழுத்தாகக் கிடக்கும். பில் போட ஆள் நிற்கும் நேரத்தில், ஆன்லைன் வகுப்பு தொடங்கப்போகும் நேரத்தில் இது வந்தால் கை எதை அழுத்தும்? காசு கொடுத்து வாங்கிய பொருள் எப்போது, எப்படி மாற வேண்டும் என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்ய வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. டைப் செய்யத் தெரியும், வாட்ஸ்அப் வெப் திறக்கத் தெரியும், ஆனால் செட்டிங்ஸ் பக்கம் போனதே இல்லை என்பவர்களை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

இந்த நெருக்கடி புதிதல்ல. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தது, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். 2016 மே மாதவாக்கில் அந்த அறிவிப்புப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால்கூட, திட்டமிட்ட நேரத்தில் மாற்றம் நடக்கும் என்று அமைத்திருந்தார்கள். பெட்டியை மூடுவது 'வேண்டாம்' என்று சொல்வது என்றுதானே இத்தனை வருடமாக எல்லோரும் பழகியிருக்கிறோம்? பலத்த எதிர்ப்புக்குப் பிறகே அதைத் திருத்தினார்கள். கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண், கேட்காமலே நடந்த மாற்றத்தால் அலுவலகக் கணினி படுத்துவிட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு வாங்கினார். மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, மேல்முறையீட்டை மட்டும் கைவிட்டது.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அன்றோடு அது ஓடாமல் நின்றுவிடும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். ஓடும், நின்றது வழக்கமாகத் தானாக வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் தொழில்நுட்ப உதவியும்தான்.

கோபத்தில் எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிடாதீர்கள்

எதற்கும் முன்னால் இது மனதில் பதிய வேண்டும். மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தம் வேறு, விண்டோஸின் பதிப்பையே மாற்றுகிற மேம்படுத்தல் வேறு. இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே மாதிரி பொத்தானோடு வருவதால் மக்கள் குழம்பி, வெறுத்துப்போய், யூடியூப் பார்த்து அப்டேட் சேவையையே முடக்கிவிடுகிறார்கள். அது கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சு நிரல் உலகம் முழுவதும் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகள் வரை முடங்கியதே, அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே வெளியாகிவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

ஆகவே நாம் செய்யப்போவது, பாதுகாப்புத் திருத்தங்களை உள்ளே விட்டுக்கொண்டே, பதிப்பு மாற்றத்தை நம் கையில் வைத்துக்கொள்வது. உளவு பார்க்கிற மாதிரி இருக்கும் வசதிகளை அணைப்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

உங்களிடம் இருப்பது என்ன?

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, பல்சக்கரப் படம் போட்ட 'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', அதில் கடைசியில் 'அபௌட்'. அங்கே இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'எடிஷன்' என்ற இடத்தில் ஹோம் என்று இருக்கிறதா, ப்ரோ என்று இருக்கிறதா, 'வெர்ஷன்' என்ற இடத்தில் 22எச்2 என்று இருக்கிறதா. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 22எச்2. அதற்குப் பழையது என்றால் முதலில் அதற்கு வந்துவிடுங்கள், கீழே சொல்லப்போகும் பல விஷயங்களுக்கு அது தேவை.

அப்புறம், உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டே 'பிசி ஹெல்த் செக்' என்று ஒரு சின்ன செயலியைக் கொடுக்கிறது, ஒரே அழுத்தலில் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். பெரும்பாலும் இடிக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று பிராசசர்: இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-வது தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அனுமதி. இன்னொன்று டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. சில்லு இருந்தும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில்) அணைந்து கிடப்பதால் 'இல்லை' என்று காட்டுவது சகஜம்; இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அந்த வசதி இருக்கும். 'இல்லை' என்று வந்த உடனே புது லேப்டாப் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம்.

பேக்கப்

இதை யாரும் செய்வதில்லை, செய்யாமல் ஒரு படியும் நகர வேண்டாம். வெளியே எடுத்து வைக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கையோ பெரிய பென்டிரைவையோ செருகி, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் நான்கையும் அப்படியே நகலெடுங்கள். டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டரைத் தனியாக எடுங்கள், பலருக்கு அது சி டிரைவில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பாமினி மாதிரியான பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்து நகலெடுத்து வையுங்கள், எழுத்துரு இல்லாமல் அந்தக் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். நகலெடுத்த பிறகு இன்னொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள்.

விண்டோஸ் 10-லேயே இருக்க விரும்பினால்

தாராளமாக இருக்கலாம், ஆனால் பாதுகாப்புத் திருத்தத்துக்கு வழி செய்துகொண்டு இருங்கள். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிறது. செட்டிங்ஸில் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தின் வலப்புறத்திலோ மேலேயோ 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு தெரியும். மூன்று வழிகளில் சேரலாம்: உங்கள் அமைப்புகளை அவர்களுடைய கிளவுடில், அதாவது அவர்களுடைய இணையச் சேமிப்பிடத்தில், வைக்க ஒப்புக்கொண்டால் இலவசம், மைக்ரோசாஃப்டின் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், இல்லையென்றால் 30 டாலர் அளவுக்கு ஒருமுறை கட்டணம். பதிவு செய்ய எப்படியும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். பணம் கட்டினாலும் கணக்கு வேண்டும் என்பது எனக்கு ஏற்புடையதாகவே இல்லை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு கிளவுட் நிபந்தனை இல்லாமலே இலவசம் என்று தளர்த்திக் கொடுத்தவர்கள் மற்றவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? ஆனாலும் ஓட்டையோடு இணையத்தில் உலவுவதைவிட இதில் சேர்வது மேல். ஒரு பதிவு 10 கணினிகள் வரை செல்லும், வீட்டில் இரண்டு மூன்று கணினி இருந்தால் ஒரே கணக்கில் முடித்துவிடலாம்.

டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்புக்கான பட்டியல் புதுப்பிப்பு 2028 வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் நம்பி மேலே சொன்ன திட்டத்தில் சேராமல் விட்டுவிடாதீர்கள், தெரிந்த வைரஸைப் பிடிப்பதும் விண்டோஸின் ஓட்டையை அடைப்பதும் வேறு வேறு வேலை.

இனி அந்த முழுத்திரை நச்சரிப்பு. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் விண்டோஸ் 11 பற்றிய அறிவிப்பு இருந்தால், 'டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்' பக்கத்திலேயே 'ஸ்டே ஆன் விண்டோஸ் 10 ஃபார் நௌ' என்று சின்னதாக இருக்கும், அதை அழுத்துங்கள். 'ஃபார் நௌ' என்றிருப்பதைக் கவனித்தீர்களா, திரும்ப வரும் என்று அர்த்தம். வராமல் செய்ய, விண்டோஸுக்கு 'நீ 10, 22எச்2-இல்தான் இருக்க வேண்டும்' என்று கட்டளையாகவே கொடுத்துவிடலாம். ப்ரோ பதிப்பு என்றால் ஸ்டார்ட்டில் 'எடிட் குரூப் பாலிசி' என்று தேடித் திறந்து, 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்', 'விண்டோஸ் காம்போனன்ட்ஸ்', 'விண்டோஸ் அப்டேட்', 'விண்டோஸ் அப்டேட் ஃபார் பிசினஸ்' என்று ஒவ்வொன்றாக உள்ளே போனால் 'செலக்ட் த டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன்' என்ற வரி இருக்கும். அதை 'எனேபிள்ட்' ஆக்கி, முதல் கட்டத்தில் விண்டோஸ் 10 என்றும் இரண்டாவது கட்டத்தில் 22எச்2 என்றும் ஆங்கிலத்தில் அடித்து ஓகே கொடுங்கள். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது. அவர்களுக்கு கிப்சன் ரிசர்ச் கார்ப்பரேஷன் தரும் 'இன்கண்ட்ரோல்' என்ற இலவசச் செயலி இதே வேலையைச் செய்யும். இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை, திறந்து பதிப்பைக் குறிப்பிட்டு 'டேக் கண்ட்ரோல்' கொடுத்தால் போதும். பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், பதிப்பு மட்டும் மாறாது. மனம் மாறினால் அதே இடத்தில் விடுவித்துவிடலாம்.

வேலை நடுவில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவதும் இதே வகைத் தொல்லைதான். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று இருக்கும், அதிகபட்சம் 18 மணி நேரம் வரை குறிக்கலாம், காலை 6 முதல் இரவு 12 வரை என்று போட்டுவிடுங்கள். அதுதான் நீங்கள் வேலை செய்யும் நேரம், அதற்குள் அதுவாக ரீஸ்டார்ட் ஆகாது. தேர்வு, வருமானவரிக் கணக்கு, திருமணப் பத்திரிகை சீசன் மாதிரி தலைபோகிற வாரங்களில் 'பாஸ் அப்டேட்ஸ்' போட்டு 35 நாள் வரை தள்ளி வைக்கலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள், அந்த வைஃபையின் பண்புகளில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்தால் பெரிய இறக்கங்கள் தானாக நடந்து டேட்டாவைத் தின்னாது.

அப்புறம், 'உங்கள் கணினியை அமைத்து முடிப்போம் வாருங்கள்' என்று அடிக்கடி ஒரு நீலத்திரை வருமே, 'மூன்று நாள் கழித்து நினைவூட்டு' என்பதைத் தவிர தப்பிக்க வழியே தராதே, அதற்கும் ஒரு மூடி உண்டு. செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 10-இல் அங்கேயே, 11-இல் அடியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்பதற்குள், மூன்று டிக் பெட்டிகள் இருக்கும். மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 11-க்குப் போக முடிவெடுத்தால்

அதுவும் சரியான முடிவாக இருக்கலாம், கணினி புதிது, தாங்கும் என்றால் நான் தடுக்க மாட்டேன். மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் வையுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். செட்டிங்ஸ், 'சிஸ்டம்', 'ரெகவரி', அதில் 'கோ பேக்'. அந்தப் பத்து நாளுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இடம் போதவில்லையே என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்தால் திரும்பும் வழியும் அதோடு போய்விடும்.

இரண்டாவது, இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதில் கோட்டைவிட்டால் மொத்தமும் போய்விடும். 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்படுகிறது. திருட்டுப்போனால் அது நல்ல பாதுகாப்பு. ஆனால் பயாஸில் ஏதாவது மாறி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றால், அந்தச் சாவி எந்தக் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். கடையில் கொடுத்து விண்டோஸ் போடும்போது, நீங்கள் மின்னஞ்சல் கொடுக்காவிட்டால், கடைப் பையன் வேலை முடிய வேண்டுமே என்று தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. அப்படி நடந்தால் உங்கள் டிஸ்க்கின் சாவி முகம் தெரியாதவர் கணக்கில் இருக்கும். கணினியை வாங்கிய அன்றே 'அக்கவுன்ட்ஸ்', 'யுவர் இன்ஃபோ' பார்த்து யாருடைய முகவரி இருக்கிறது என்று சரிபாருங்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் என்று இருந்தால் மீட்புச் சாவியை அச்சடித்து ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள், சாவியைப் பத்திரமாக வைக்க முடியாது என்றால் அந்தப் பூட்டை ஆஃப் செய்யுங்கள். கூடவே ஒன்று: கடைக்காரர் 'கிராக்' (உரிமம் வாங்காமல் ஏமாற்றி ஓட வைக்கும் நிரல்) போட்டு ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நிரல்களோடு கடவுச்சொல் திருடும் நச்சு நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, அதன் முன்னால் மைக்ரோசாஃப்ட் எடுக்கும் தகவலெல்லாம் ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயன்படுத்துவது. நிறுவும்போதே கணக்கைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள், அதைத் தாண்டிப் போக மக்கள் கண்டுபிடித்த குறுக்குவழிகளை 2025-இல் ஒவ்வொன்றாக அடைக்கவும் தொடங்கினார்கள். ப்ரோ பதிப்பில் 'வேலை அல்லது பள்ளிக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்', 'டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்' என்று போனால் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து உள்ளே போகலாம். ஹோம் என்றால் ஒரு கணக்கைப் போட்டு நிறுவி முடித்து, பிறகு 'அக்கவுன்ட்ஸ்', 'யுவர் இன்ஃபோ' பக்கத்தில் 'சைன் இன் வித் எ லோக்கல் அக்கவுன்ட் இன்ஸ்டெட்' என்பதை அழுத்தி மாறிக்கொள்வதுதான் புதியவர்களுக்கு எளிது. மாறுவதற்கு முன் அந்த மீட்புச் சாவியை மறக்காதீர்கள்.

உளவை அணைப்பது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஒருமுறை செய்தால் போதும், பெரிய அப்டேட் வந்தபிறகு மட்டும் ஒருதடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இல் 'பிரைவசி', 11-இல் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'.

முதலில் 'ஜெனரல்' பக்கம் (11-இன் புதிய பதிப்புகளில் 'ரெகமெண்டேஷன்ஸ் அண்ட் ஆஃபர்ஸ்'). விளம்பரத்துக்காக உங்கள் கணினிக்கு ஒரு அடையாள எண் கொடுத்திருப்பார்கள், நீங்கள் எந்தச் செயலியைத் திறக்கிறீர்கள் என்று கவனிப்பார்கள். அங்கே இருக்கும் எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்யுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

அடுத்து 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்'. இதுதான் முக்கியமான பக்கம். 'ரிக்வயர்ட்', 'ஆப்ஷனல்' என்று இரண்டு அளவு உண்டு. 'ஆப்ஷனல்' என்றால் எந்த இணையத்தளங்களுக்குப் போகிறீர்கள், செயலிகளை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுவரை போகும். ஒரு செயலி நொறுங்கி விழும் நேரத்தில் நினைவகத்தில் இருந்ததையும் அனுப்பும், அதில் நீங்கள் அப்போது திறந்து வைத்திருந்த கோப்பின் பகுதிகள் இருக்கக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே தன் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. நோயாளியின் ரிப்போர்ட் டைப் செய்யும் லேப், பத்திரம் எழுதுபவர், வக்கீல் குமாஸ்தா எல்லோரும் இதை யோசிக்க வேண்டும். 'ஆப்ஷனல்' ஆஃப், அதன் கீழே 'இம்ப்ரூவ் இங்கிங் அண்ட் டைப்பிங்' ஆஃப், 'டெய்லர்ட் எக்ஸ்பீரியன்சஸ்' ஆஃப், 'ஃபீட்பேக் ஃப்ரீக்வென்சி' 'நெவர்'. அப்படியே 'டெலிட் டயக்னாஸ்டிக் டேட்டா' என்ற பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள். என்னதான் போகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை என்றால் அதே பக்கத்தில் 'டயக்னாஸ்டிக் டேட்டா வியூயர்' இருக்கிறது, திறந்து பாருங்கள், உங்கள் கணினி அனுப்பும் ஒவ்வொரு குறிப்பும் வரிசையாக வந்து நிற்கும். புரியாத நிரல்மொழியாக இருந்தாலும் எவ்வளவு நீளம் என்று பார்க்கும்போது உறைக்கும்.

'ரிக்வயர்ட்' அளவை ஹோம், ப்ரோ இரண்டிலுமே முழுதாக அணைக்க முடியாது. பெரிய நிறுவனங்களுக்கான, கல்விக்கூடங்களுக்கான பதிப்புகளில் அணைக்க முடிகிற ஒன்றை வீட்டில் இருப்பவருக்கு மறுப்பது அநியாயம், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டால் குறைகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது: 2016-இல் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், தேவைக்கு மேல் தகவல் எடுக்கிறீர்கள் என்று மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது, அடிப்படை அளவில் எடுக்கும் தகவலை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்த பிறகே 2017 ஜூனில் அந்த நோட்டீஸை முடித்துவைத்தது.

மற்றவை சீக்கிரம் முடியும். 'ஸ்பீச்' ஆஃப், 'ஆக்டிவிட்டி ஹிஸ்டரி' டிக் எடுத்துவிடுங்கள், 'லொகேஷன்' மேசைக் கணினிக்கு எதற்கு, ஆஃப். கேமரா, மைக்ரோஃபோன் பக்கங்களில் உங்களுக்குத் தெரிந்த செயலிகளை மட்டும் விட்டு மற்றதை மூடுங்கள். விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட் மெனுவில் 2024 ஏப்ரல் முதல் கடைச் செயலிகளைப் பரிந்துரை என்ற பெயரில் காட்டுகிறார்கள், 'பெர்சனலைசேஷன்', 'ஸ்டார்ட்' பக்கத்தில் பரிந்துரைகளுக்கான சுவிட்சை அணைத்தால் போய்விடும்.

ஒன்டிரைவ்: கோப்புகள் எங்கே போயின?

புதியவர்கள் அதிகம் தவிப்பது இங்கேதான். நிறுவும்போது எங்கோ ஒரு 'நெக்ஸ்ட்' அழுத்தியதில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண ஆல்பம் ஒன்று போதும் அது நிறைய, நிறைந்தால் அதே கணக்கின் மின்னஞ்சலும் நின்றுபோகும், உடனே பணம் கட்டி இடம் வாங்கு என்று அறிவிப்பு வரும். பயந்துபோய் ஒன்டிரைவ் தளத்தில் படங்களை அழித்தால் கணினியிலிருந்தும் அழிந்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே கோப்பு.

பிரித்தெடுக்கும் வரிசை இது, மாற்றிச் செய்ய வேண்டாம். ஒன்டிரைவ் ஃபோல்டரைத் திறந்து கோப்புகளின் பக்கத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள். மேகப் படம் இருந்தால் கோப்பு உங்கள் கணினியில் இல்லை, வெறும் பெயர்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் பச்சை டிக் ஆகும்வரை காத்திருங்கள். பிறகு அனைத்தையும் டி டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ நகலெடுத்து, மொத்த அளவு இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். அதன்பிறகே ஒன்டிரைவின் 'செட்டிங்ஸ்', 'சிங்க் அண்ட் பேக்கப்', 'மேனேஜ் பேக்கப்' போய் ஆன் ஆக இருக்கும் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். கடைசியாக 'அக்கவுன்ட்' பக்கத்தில் 'அன்லிங்க் திஸ் பிசி'.

ரீகால்

கோபைலட் பிளஸ் என்ற முத்திரையோடு வரும் புதிய லேப்டாப்புகளில் மட்டும் இருக்கும் வசதி இது. திரையில் தெரிவதை அவ்வப்போது படம் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னால் தேடிக் காட்டும். 2024 மே மாதம் அறிவித்ததும் கிளம்பிய எதிர்ப்பில் தள்ளிப்போட்டு, நாமாக ஒப்புக்கொண்டால் மட்டும் ஓடும்படி மாற்றி, 2025 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். என் கருத்து, ஒப்புக்கொள்ளாதீர்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'ரீகால் அண்ட் ஸ்னாப்ஷாட்ஸ்' ஆஃப் என்று இருக்கிறதா பாருங்கள், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் அதன் டிக்கை எடுத்தால் மொத்தமாகவே நீக்கலாம். உங்களுடையதில் இல்லாவிட்டாலும், நீங்கள் அனுப்பும் செய்தியைப் படிப்பவர் கணினியில் ஓடினால் அது அங்கே படமாகலாம். இதனால்தான் செய்தி அனுப்பும் சிக்னல் செயலி 2025 மே மாதம், விண்டோஸ் 11-இல் தன் உரையாடல் திரையைப் படம் எடுக்க முடியாதபடி தானே தடுத்தது.

விண்டோஸே வேண்டாம் என்றால்

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு சேர்ந்தே, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளம்) வந்தது, திறந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அந்த மாதிரிப் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது, ஆனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாகவே ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, கணக்கு கேட்காது, நீங்கள் அழுத்தாமல் பதிப்பு மாறாது, உங்களைப் பற்றிய தகவலை எங்கும் அனுப்பாது.

உடனே மாற வேண்டாம், முதலில் ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்து, அதில் இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, மின்ட் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவசச் செயலி மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். கணினியை அணைத்து, பென்டிரைவோடு போடும்போது பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள்: டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும், உங்கள் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். ஜெராக்ஸ் கடைதோறும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் எளிதில் படியாது, அதை நம்பிப் பிழைப்பவர்கள் விண்டோஸை விட வேண்டாம். டாலியும் ஃபோட்டோஷாப்பும் கட்டாயம் என்பவர்களுக்கும் அதே பதில்தான். வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும், பக்க அமைப்பு அங்கங்கே நகரும், பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

தமிழ் தட்டச்சுக்கு 'ibus-m17n' என்ற தொகுப்பை நிறுவி, மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து 'ஐபஸ்' (IBus) என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். பழைய எழுத்துருக்களை ஒவ்வொன்றாக இரட்டைக் கிளிக் செய்து நிறுவிக்கொள்ளலாம்.

பிடித்துப்போய் நிறுவுவதானால், விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆஃப் செய்து, டிஸ்க் பூட்டையும் அவிழ்த்துவிட்டு வாருங்கள். நிறுவல் நடுவில் ஒரு திரை கேட்கும்: விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவவா, டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவவா. 'இன்ஸ்டால் அலாங்சைட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 'இரேஸ் டிஸ்க்' என்பதைத் தொட்டால் விண்டோஸும் அதில் இருந்த அத்தனை கோப்புகளும் போய்விடும். இடத்தைப் பிரிக்கும் கோட்டை இழுத்து மின்ட்டுக்குக் குறைந்தது 40, 50 ஜிபி விடுங்கள். அதன்பிறகு கணினியைப் போடும் ஒவ்வொரு முறையும் எதில் நுழைவது என்று கேட்கும், ஜிஎஸ்டி வேலைக்கு விண்டோஸ், மற்றதற்கு மின்ட் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே மின்ட்டில் 'டைம்ஷிஃப்ட்' திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள், எதையாவது மாற்றிக் குழப்பிவிட்டால் அந்த நாளுக்கே திரும்பிவிடலாம்.